பிணையாள் பதில் சொல்லும் வரை

நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறாவது முறையும் ராவ் மோகம்சிங் சரணடைய மறுத்தார்.

டெல்ஃபின் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். காலை பத்து இருபது. திரையில் கனேர்கட் கோட்டையின் வாசல் திறந்தது. குங்குமப்பூ நிற உடையில் முன்னூற்றுச் சொச்சம் பேர் வெளியே ஓடிவந்தார்கள். எதிரே பாதுஷாவின் படை, கண்ணுக்கு எட்டிய வரை. ஓடிவந்தவர்கள் சாவதற்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், கோட்டைக்குள், பெண்கள் இறங்கிய குழியிலிருந்து புகை எழுந்தது. புகை எழும்போது திரையின் இடது மூலையைப் பார்க்க டெல்ஃபின் பழகியிருந்தாள். அங்கே நேரம் மட்டும்தான் ஓடும்.

"என்னங்க, செத்துட்டாருங்களா?" சபாபதி தேநீரோடு வந்து நின்றார். அவர்தான் இந்தப் பிரிவின் தலைவர்.

"செத்துட்டார் சார்."

"இந்த வாட்டி என்ன குடுத்தீங்க?"

"பன்னிரண்டு ஊரோட வரி. தர்பார்ல வலப்பக்கம் இருக்கை. பொண்ணு கேக்க மாட்டோம்னு எழுத்து."

"அதுக்கும் மசியலையா? இவருக்கு என்ற மாமனாரே பரவால்லைங்க."

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஐந்தாவது மாடி. நிறுவனத்தின் பெயர் நேர்நிகர். செத்துப்போன ஒருவர் விட்டுச்சென்ற எல்லாவற்றையும் ஓர் இயந்திரத்துக்குள் கொட்டுவார்கள். அவர் எழுதிய கடிதங்கள், அவர் முத்திரையிட்ட ஆணைகள், அவரைப் பாடியவர்களின் பாட்டு, அவரை வெறுத்தவர்களின் குறிப்பு. இயந்திரம் அந்த ஆளைத் திரும்ப வார்க்கும். அதற்கு மறுவார்ப்பு என்று பெயர். பேசும், யோசிக்கும், முடிவெடுக்கும். நூறு முடிவுகளில் தொண்ணூற்றேழு, அசல் ஆள் எடுத்த முடிவாகவே இருக்கும். முதலில் இதை இழவு வீடுகளுக்கு விற்றார்கள். பிறகு வக்கீல்களுக்கு. இப்போது பேரம் பேசுகிறவர்களுக்கு.

இந்த வேலையைக் கொடுத்த வாடிக்கையாளர் யார் என்று டெல்ஃபினுக்குத் தெரியாது. எல்லாத் தாள்களிலும் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்புப் பட்டை. கேள்வி மட்டும் தெரியும். எது கொடுத்தாலும் வாசலைத் திறக்காத ஒருவன், எதைக் கொடுத்தால் திறப்பான்? பணிந்துபோன அரசர்கள் இதற்கு உதவ மாட்டார்கள். அதனால் மோகம்சிங்.

"இந்த மாசம் தொறக்கலீன்னா புராஜெக்டை மூடிருவாங்க" என்றார் சபாபதி. "நீங்க சரித்திரம் படிச்சவங்கதானே? என்னமாச்சும் யோசிங்க."

அவள் சரித்திரத்தைப் பாதியில் விட்டவள். ஊரையும் அப்படித்தான். தூத்துக்குடிக்கு வடக்கே சிப்பிமுனை. அங்கே கடலடித் தாது எடுக்கும் கம்பெனி ஒன்று வரப்பார்க்க, ஊரார் முகத்துவாரத்தின் குறுக்கே அறுபத்திரண்டு படகுகளைச் சங்கிலியால் கோத்து நிறுத்திவிட்டார்கள். பதினான்கு மாதமாக ஒரு கப்பலும் உள்ளே வர முடியவில்லை. முன்னால் நிற்பவன் அவளுடைய அண்ணன் பெனடிக்ட். போராட்டம் தொடங்கிய வாரம் அவள் போய், "கோர்ட்டுக்குப் போங்கண்ணே, இப்படிப் பண்ணினா அடிச்சுப் போட்டுருவான்" என்றாள். "கம்பெனிக்காரன் சோத்தத் தின்னு பழகினவ வாயி அப்படித்தான் பேசும். இனிம வராத" என்றான் அவன். அவள் போகவில்லை.

அன்று மதியம் அவள் விதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். முற்றுகையின் நான்காவது மாதத்தில் இயந்திரத்தின் ஓட்டத்தை நிறுத்தி, தூது வந்த பெண்ணாகக் கோட்டைக்குள் போய், ராவிடமே கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தாள். தலையில் காதொலிப்பான், கண்ணில் திரை.

மோகம்சிங் குள்ளமான ஆள். நரைத்த மீசை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. குதிரைக் கடிவாளம் ஒன்றின் அறுந்த தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். கோட்டையில் குதிரைகளைத் தின்று முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"குதிரைதான் இல்லையே" என்றாள் டெல்ஃபின்.

"கை சும்மா இருந்தால் மனம் வேலை செய்கிறது. என்ன கொண்டுவந்தாய்?" இயந்திரம் அவரைச் சற்றுப் பழைய வாடையுள்ள தமிழில் பேசவைத்தது.

"எதுவும் கொண்டுவரல. ஒன்று கேட்கணும். எதைக் கொடுத்தால் திறப்பீர்கள்?"

அவர் சிரித்தார். முன்பற்கள் இரண்டு இல்லை. "கொடுத்தது போதாது என்று நான் எப்போது சொன்னேன்? பன்னிரண்டு ஊர் நல்ல விலை. என் அண்ணனாக இருந்தால் இரண்டு ஊருக்கே திறந்திருப்பான். உள்ளே பிள்ளைகள் தோலை வேகவைத்துத் தின்கிறார்கள், பெண்ணே. திறக்க எனக்கு ஆசை இல்லை என்றா நினைத்தாய்?"

"பிறகு ஏன் திறக்கவில்லை?"

"யார் தந்த வாக்கு அது? ஓலையில் முத்திரை இருக்கிறது. முத்திரைக்குக் கழுத்து இருக்கிறதா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"எங்கள் கோட்டையில் பகைவர் இருவர் உடன்பட்டால் நடுவில் ஒரு சாரண் உட்காருவான். அரசர்களைப் பாடுகிற குலம். வாசற்படியில் உட்காருவான். ஒருவன் வாக்கை மீறினால், சாரண் அந்த இடத்திலேயே தன் உயிரை விடுவான். அந்தப் பழி மீறியவனின் ஏழு தலைமுறைக்கு. அதற்கு அஞ்சாத அரசனை நான் பார்த்ததில்லை."

"உயிரோடு இருக்கிறாரா என்று உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"விடியும்போது வாசல் காவலன் அவன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவான். 'இருக்கிறேன்' என்றால் வாக்கு இருக்கிறது. பதில் இல்லையென்றால் வாக்கு செத்தது. வாளை எடு. அவ்வளவுதான்."

"உங்கள் சாரண்?"

"போன மாதம் பசியில் செத்தான். பாதுஷா எனக்கு ஊர்களை அனுப்புகிறான், யானை அனுப்புகிறான். உட்கார ஓர் ஆளை அனுப்பவில்லை."

இது எந்தப் பதிவிலும் இல்லை. எழுத வேண்டியவன் செத்துவிட்டான். நாற்பத்தோராயிரம் முறை அவரைச் சாகடித்தவர்களில் யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

"நான் உட்காருகிறேன்" என்றாள் டெல்ஃபின்.

"நீ யார்?"

கோட்டைக்குள் போகிறவர்கள் சொல்லவேண்டிய கற்பனைப் பெயர்கள் திரையின் ஓரத்தில் வரிசையாக இருந்தன. அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துப் பொய்ப் பெயர் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"டெல்ஃபின். அகுஸ்தீன் மகள். ஊர் சிப்பிமுனை. கடற்கரை."

"கடலை நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் எதைத் தொட்டு வாக்குக் கொடுப்பார்கள்?"

"படகோட முன்பக்கத்தை. அணியம் என்போம். அதில் கை வைத்துச் சொன்னால் மாற்ற மாட்டோம்."

"படகு இங்கே இல்லை. நீ சொல்."

அவள் எதிரிலிருந்த மேசை விளிம்பில் உள்ளங்கையைப் பதித்தாள். "வாக்கு மீறப்பட்டால் என் உயிர் உங்கள் வாசலில். நான் இருக்கும்வரை வாக்கு இருக்கும்." நடிப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மோகம்சிங் எழுந்தார். அதுவரை நீ என்றவர், "வாருங்கள். உட்காருங்கள்" என்றார்.

வாசல் திறந்தது. குங்குமப்பூ நிறம் இல்லை, புகை இல்லை. எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கினார்கள். ஐந்தாவது மாடியே எழுந்து நின்று கைதட்டியது. "தொறந்துட்டாருங்கோ!" என்று சபாபதி கூவியது காதொலிப்பானைத் தாண்டிக் கேட்டது.

ஓட்டம் அதோடு நிற்கவில்லை. வாசல் திறந்தபின் என்ன என்று யாரும் இயந்திரத்திடம் சொல்லியிருக்கவில்லை. பாதுஷாவின் படைத்தலைவனும் ஒரு மறுவார்ப்புதான். அவன் தன் இயல்புப்படி நடந்தான். திரையில் நாட்கள் நிமிடங்களாக ஓடின. வாசல் திறந்த மூன்றாம் நாள் விடியலில் மேற்குச் சுவர் வழியாக அவன் ஆட்கள் ஏறினார்கள். கோட்டைக்காரர்கள் வாளை எடுக்க ஓடினார்கள். வாசல் காவலன் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"டெல்ஃபின்!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மோகம்சிங் பாதி உருவிய வாளோடு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லிப் பழகியவள் அவள். பள்ளியில், ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில். யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இருக்கேன்."

வாள்கள் உறைக்குள் போயின. சுவரில் ஏறி நிற்பவர்களைக் கண்ணால் பார்த்தபடியே போயின. பிணையாள் உயிரோடு இருக்கிறாள், வாக்கு இருக்கிறது, இது ஏதோ தவறாக நடக்கிறது, சரியாகிவிடும். அவர்கள் தங்கள் கண்ணை நம்பவில்லை. அவளை நம்பினார்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெண்களுக்குக் குழி வரை ஓட நேரமில்லை. மோகம்சிங் மறுபடி வாளை உருவவே இல்லை. விலாவில் ஈட்டி இறங்கிய பிறகும் அவளையே பார்த்தார். அதில் கோபம் இல்லை. கேட்ட செய்தியை இன்னொரு முறை சரிபார்க்கிறவரின் முகம்.

"இருக்கிறீர்களா?" என்றார். விழுந்தார்.

டெல்ஃபின் காதொலிப்பானைக் கழற்றினாள். சபாபதி மைசூர்பாகுப் பெட்டியோடு நின்றார்.

"அட, அழுவறீங்களா? அவரு செத்து நானூறு வருசமாச்சுங்க. எடுத்துக்குங்க."

பதினோரு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. அண்ணன் மனைவி சலேத். பதினான்கு மாதத்தில் முதல் அழைப்பு.

"டெல்ஃபினு, நீ இம்புட்டு நல்லாப் பேசுவன்னு நா நினைக்கவேயில்லட்டி. கோயில் ஹால்ல அழாத ஆளு இல்ல. ஒங்க அண்ணனே மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னாவ."

"என்ன பேசினேன் மைனி?"

"வெளையாடுதியா? முந்தாநேத்து டிவில வந்து பேசினல்லா? கைய இப்படி வச்சுக்கிட்டு, 'மீறினா என் உயிர் உங்க வாசல்ல'ன்னு. மூணு மைலுக்குள்ள தோண்ட மாட்டாவ, ஒரு வீட்டத் தொட மாட்டாவ, நான் பிணைன்னு சொன்னியே. கம்பெனிக்காரன் சொன்னா எவன் நம்புவான்? அகுஸ்தீன் மவ சொல்லுதாளேன்னுதான் எல்லாரும் ஒத்துக்கிட்டோம்."

டெல்ஃபின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மைனி, படகு?"

"எடுத்தாச்சுட்டி. சங்கிலிய நேத்தே அவுத்தாச்சு."

சபாபதியின் அறைக்கு எப்படி வந்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. அவர் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேனுங்க. வாடிக்கையாளர் பேர வெளிய விடக்கூடாதுன்னு ஒப்பந்தம்."

"அது நான் இல்ல சார்."

"நீங்கதாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தியேழு. பணி நேரத்துல பதிவாகறது பூராவும் நிறுவனத்தோடதுன்னு சேர்றப்பவே கையெழுத்துப் போட்டீங்கள்ல? ரெண்டு வருசப் பதிவு. ராவ்கிட்ட நீங்க சத்தியம் பண்ணுன அந்த நிமிசம் வரைக்கும் எடுத்து வார்த்தோம். அதுக்கப்பறம் நீங்க அழுதது எதுக்குன்னு விட்டுட்டோம்."

"வாக்கு மீறினா பிணையாள் உயிர விடணும்."

"அதுக்கு ஏதுங்க உசுரு?" சபாபதி உண்மையிலேயே வியந்தார். "அதானே இதுல அழகே. ராவ் கேட்டது கழுத்து. கழுத்தாட்டம் ஒண்ணக் குடுத்துட்டோம். அந்தாண்ட பக்கம் வெட்ட ஒண்ணுமில்ல. நானூறு வருசமா யாருக்கும் தோணலைங்க."

"அப்ப மீறத்தான் போறாங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது நம்ம வேலை இல்லீங்களே."

ஒப்பந்தத்தின் நகலை அவரே எடுத்துக் கொடுத்தார். வழவழப்பான தாள். ஏழாவது பிரிவைப் படித்தபோது அவள் நிமிர்ந்தாள். நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு நோட்டரி முன்னிலையில் ஊர்த்தலைவர் பிணையாளின் பெயரை மூன்று முறை அழைக்க வேண்டும். பதில் வந்தால் ஒப்பந்தம் நிற்கும். மூன்று அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது.

"இதை ஏன் சேர்த்தீங்க?"

"சேர்க்காம உங்க மறுவார்ப்பு ஒத்துக்கலைங்க. 'ராவ் சொன்ன முறை முழுசா இருந்தாத்தான் உக்காருவேன்'னு ஒரே அடம். உங்களாட்டவே. சரி, பேசற இயந்திரம் பேசாமயா போயிரும்னு வக்கீலு சேர்த்துட்டாரு. அதோட முடிவுல கை வைக்கலைன்னு சான்று குடுத்திருக்கோம், வெக்கவும் முடியாது. பேச்சை மட்டும் கொஞ்சம் இதமா மாத்திருக்கோம். ஜனங்க பயந்துக்கக் கூடாதுல்ல?"

அவள் அடையாள அட்டையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிப்பிமுனையில் பேருந்தை விட்டு இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது கப்பல். தூர்வாரும் கப்பல். மூன்று மைலுக்கு வெளியே இல்லை. முகத்துவாரத்துக்குள்ளேயே, ஊரைவிட உயரமாக நின்றது. கரையில் வீடுகளுக்கு நடுவே சிவப்புத் தலை வைத்த அளவுக் கம்புகள் நடப்பட்டிருந்தன. ஒரு கம்பு சலேத்தின் அடுப்படிச் சுவரை ஒட்டி நின்றது.

"மைனி, இதெல்லாம் பாக்கலையா நீங்க?"

"பாக்காம என்ன? முந்தாநேத்து ராத்திரியே வந்துட்டான். பயலுவ எல்லாம் படகத் தள்ளப் போயிட்டானுவ. நேத்துக் காலைல ஒன்னக் கூப்பிட்டோம். 'இருக்கேன், பயப்படாதிய'ன்ன. அவதான் இருக்காளே, ஏதோ தெரியாம உள்ள வந்துட்டான், போயிருவான்னு ஒங்க அண்ணன் எல்லாரையும் திருப்பிட்டாவ."

வாள்கள் உறைக்குள் போன சத்தம் டெல்ஃபினுக்கு அப்படியே கேட்டது.

"நேத்து நான் போன்ல பேசினப்போ ஏன் சொல்லல?"

"ஒனக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன்."

கோயில் ஹாலில் ஆள் உயரத் திரை. அதில் அவள். அதே நீலச் சட்டை, ராவிடம் சத்தியம் செய்த அன்று போட்டிருந்தது. திரையிலிருந்தவள் உள்ளே வந்தவளைப் பார்த்தாள்.

"மூணு நாளா எனக்குப் பசிக்கல" என்றது மறுவார்ப்பு. "அப்பவே யோசிச்சிருக்கணும். நீதான் நானா?"

"ஆமா."

"கோயம்புத்தூர்ல உக்காந்து கேமராவுல பேசறோம்னு நினைச்சேன். ராவ் எங்க? சத்தியம் பண்ணினேன். அதுக்கப்புறம் இங்க வந்துட்டேன். அவர் திறந்தாரா?"

"திறந்தார்."

"பிள்ளைங்க?"

"வெளிய வந்தாங்க. மூணாம் நாள் சுவரேறி வந்துட்டான்."

மறுவார்ப்பின் முகம் மாறியது. தன் முகம் அப்படி மாறுவதை டெல்ஃபின் கண்ணாடியில் கண்டதில்லை.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"இருக்கேன்னு சொன்ன. எல்லாரும் வாளை உள்ள போட்டாங்க. ஒருத்தர் மிச்சமில்ல." பிறகு டெல்ஃபின் கைநீட்டிச் சன்னலைக் காட்டினாள். "இங்கயும் நேத்து அதத்தான் சொல்லியிருக்க. கப்பல் முகத்துவாரத்துல நிக்குது. வீட்டுக்குள்ள கம்பு நட்டுருக்கான்."

மறுவார்ப்பு சலேத்தின் பக்கம் திரும்பியது. கண்கள் அகன்றிருந்தன. வாயைத் திறந்தது.

"மைனி, பயப்படாதிய. நான் இருக்கேன்."

சொன்னதும் அதுவே அதிர்ந்துபோய்க் கையால் வாயைப் பொத்தியது. கையை எடுத்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றது.

"எல்லாம் நல்லபடியா நடக்கு மைனி. நிம்மதியா இருங்க."

குரல் இதமாக, தாலாட்டுவதுபோல இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூன்றாவது முறை வாய் பாதி திறந்து, சட்டென்று மூடியது. பிறகு திறக்கவில்லை.

சலேத் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏட்டி, என்ன கொடுமை இது? வாய யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

டெல்ஃபின் ஏழாவது பிரிவைச் சொன்னாள். பேச்சைத்தான் மாற்ற முடியும், பேசாமல் இருப்பதை மாற்ற முடியாது என்பதையும்.

"அப்ப ஒம்போது மணிக்கு அது பேசாம இருந்தாப் போதுமா?"

"போதும்."

"இருக்குமா?"

"தெரியல மைனி. நான் அன்னைக்குப் பேசாம இருக்கல."

அதற்குள் வெளியே செருப்புச் சத்தம். கம்பெனி வக்கீல், கையில் முத்திரைப் பெட்டியோடு நோட்டரி, அவர்களோடு பேசிக்கொண்டே பெனடிக்ட். இடுப்பில் கட்டிய சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது.

"வந்திட்டியா!" என்றான். பதினான்கு மாதக் கோபம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிருந்தது. "நல்ல நேரத்துக்கு வந்த. உள்ள நிக்கிற கப்பல எப்ப எடுப்பான்னு ஒங்காளுவள்ட்ட கேளு."

வக்கீல் ஒரு முழம் தள்ளி நின்றார். அவர் காதுபட ஒரு சொல் சொன்னால் போதும், ஏதாவது ஒரு காரணம் சொல்லி அழைப்பையே தள்ளிப் போட்டுவிடுவார். டெல்ஃபின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மணி ஒம்பது" என்றார் நோட்டரி.

பெனடிக்ட் திரைக்கு எதிரே நின்று, கடலில் அடுத்த படகைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டான்.

"டெல்ஃபின்!"

திரையில் இருந்தவள் அவனைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

வக்கீல் போய் வயரை ஆட்டினார். "நெட் போயிடுச்சா?"

"பச்சை விளக்கு எரியுது சார்" என்றார் நோட்டரி.

"டெல்ஃபின்!"

காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும். வக்கீலின் கண் ஹாலைச் சுற்றி வந்து, நின்றது.

"மேடம், நீங்கதானே அசல்? நல்லதாப் போச்சு. நேர்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்ன சார், செல்லும்ல?"

"அசல் ஆள் பதில் சொன்னாத் தாராளமாச் செல்லும்" என்றார் நோட்டரி. "எதுவா இருந்தாலும் பதில் பதில்தான்."

டெல்ஃபின் பல்லைக் கடித்தாள். நான் இல்லை என்று சொன்னாலும் அது பதில். தலையை ஆட்டினாலும் எழுதிக்கொள்வார்கள். பெனடிக்ட் அவளை நோக்கித் திரும்பினான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஏட்டி, என்ன? வாயத் தொற. ஒன்ன நம்பி ஊரே படக எடுத்திருக்கு. கப்பல் உள்ள வந்தாச்சு. எங்க கையில இந்தப் பத்திரத்த விட்டா வேற என்ன இருக்கு?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காசு வாங்கிட்டியா?" என்றான் மெதுவாக. "அதுக்குத்தான் வந்தியா?"

பதினான்கு மாதம் முன்னால் சொன்னதைவிட இது ஆழமாக இறங்கியது. சலேத் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"மூணாவது" என்றார் நோட்டரி.

பெனடிக்ட் இந்த முறை கத்தவில்லை. கெஞ்சினான். "டெல்ஃபினு..."

திரையில் இருந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். தரையில் நின்றவள் மூடவில்லை. யாராவது ஒருத்தி அவனைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நோட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. பிணையாள் இல்லை. ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது." முத்திரை குத்தினார்.

வக்கீல் கைப்பேசியில் யாரையோ கூவி அழைத்தபடி வாசலுக்கு ஓடினார். சலேத் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மரமாட்டம் நிக்கிய? பத்திரம் செத்துப்போச்சு. இனி நம்மளக் கட்ட ஒண்ணுமில்ல. கப்பலு வெளிய போறதுக்குள்ள முகத்துவார வாயக் கட்டுங்க, போங்க!"

பெனடிக்ட் திரையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்த இருவரின் வாய்களும் ஒரே மாதிரி இறுகியிருந்தன. அவனுக்கு அப்போதுதான் எட்டியது. வாசலைத் தாண்டி ஓடினான். கரையில் அவன் விசில் கேட்டது. ஓர் எஞ்சின் இருமியது, பிறகு இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. உள்ளே நுழைந்த கப்பலுக்கு வெளியேறும் வழி அறுபத்திரண்டு படகுக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறது.

வக்கீல் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. "நோட்டரி சார், அந்த முத்திரையில ஒரு திருத்தம் பண்ணணும். இதோ நிக்கிறாங்கல்ல, இவங்கதான் டெல்ஃபின். உயிரோட நிக்கிறாங்க. மேடம், உங்க பேரை மட்டும் சொல்லுங்க. ஆதார் இருக்கா?"

டெல்ஃபின் பேசவில்லை.

"இவங்க உங்க வீட்டுப் பொண்ணுதானேம்மா?" என்று சலேத்தின் பக்கம் திரும்பினார்.

சலேத் டெல்ஃபினைக் கால்முதல் தலைவரை பார்த்தாள்.

"இது ஆருன்னு தெரியல சார். காலைல பஸ்ல வந்து எறங்கிச்சு. எங்க வீட்டுப் பொண்ணு செத்துப்போச்சு. நீங்கதானே இப்ப எழுதினிய?"

சொல்லிவிட்டு அவள் கோயில் பக்கம் நடந்தாள். சற்று நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. பூசைக்கு அடிப்பதுபோல் இல்லை. ஒன்று அடித்து, அந்த ஓசை முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது. ஊரில் சாவு விழுந்தால் அடிக்கிற மணி. தண்ணீரில் படகுகள் ஒவ்வொன்றிலும் தலையிலிருந்த துண்டுகள் இறங்கின.

மணி ஓயும்வரை டெல்ஃபின் வாயைத் திறக்கவில்லை. ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை.